கேம்ல கேரக்டர் வழுக்காம திரும்பணுமா? ஆக்சிலரேஷன் இப்படி போடுங்க

கேம் பண்ண ஆரம்பிக்கிற எல்லாரும் முதல்ல எழுதுறது ஒண்ணுதான், ரைட் கீ அமுக்கினா எக்ஸ்ல 5 பிக்சல் கூட்டு. ஓடும், ஆனா செஸ் காயை எடுத்து எடுத்து வைக்கிற மாதிரி வெயிட்டே இல்லாம இருக்கும்.

முதல் வேலை, பொசிஷனை கீ நேரடியா தொடவே கூடாது. எக்ஸ், ஒய் ரெண்டுக்கும் தனித்தனியா வெலாசிட்டி வேரியபிள் வெச்சுக்கோங்க, ஒவ்வொரு ஃப்ரேம்லயும் இந்த ரெண்டு வரி ஓடணும்:

வெலாசிட்டி = வெலாசிட்டி + ஆக்சிலரேஷன் × டெல்டா
பொசிஷன் = பொசிஷன் + வெலாசிட்டி × டெல்டா

இதே ஆர்டர்லயே எழுதுங்க. டெல்டான்னா போன ஃப்ரேமுக்கு ஆன நேரம், செகண்ட்ல. 60 எஃப்பிஎஸ்னா, அதாவது செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா, சுமார் 0.0167.

அடுத்து நம்பர். ஆக்சிலரேஷன் 900, மேக்ஸ் ஸ்பீடு செகண்டுக்கு 300 பிக்சல்னு வெச்சா முழு வேகம் பிடிக்க செகண்ட்ல மூணுல ஒரு பங்கு ஆகும், அது ஓகே. இப்ப ரைட்ல முழு வேகத்துல போறப்ப லெஃப்ட் அமுக்குங்க. நிக்கவே 0.33 செகண்ட், எதிர்ப்பக்கம் முழு வேகம் பிடிக்க இன்னொரு 0.33, மொத்தம் 0.67, பிளேயர் கீயை அமுக்கிட்டாரு ஆனா கேரக்டர் இன்னும் ரைட்லயே வழுக்கிட்டு போகுது, கடுப்பாகும். அதனால கீ ஒரு பக்கம் வெலாசிட்டி வேற பக்கம்னு இருந்தா மட்டும் 900க்கு பதிலா 2700 போடுங்க, 0.11 செகண்ட்ல நின்னுடும். என்னைக் கேட்டா கன்ட்ரோல் நல்லா இருக்கு இல்லைன்னு பிளேயர் சொல்றதுல பாதி இந்த ஒரு இஃப்லதான் இருக்கு.

கீயை விட்டதும் நிக்கணும்ல, அதுக்குதான் ஃப்ரிக்‌ஷன், வெலாசிட்டியோட அளவுல 1200 × டெல்டா குறைங்க. இங்க ஒரு பொறி இருக்கு. வெலாசிட்டி 8 தான் மிச்சம் இருக்கு, நீங்க 60 எஃப்பிஎஸ்ல 1200 × 0.0167, அதாவது 20 குறைச்சா -12 ஆகும், அடுத்த ஃப்ரேம்ல திரும்ப 8, நின்ன இடத்துலயே நடுங்கிட்டு இருக்கும். குறைக்க வேண்டியது மிச்சத்தை விட அதிகம்னா நேரா 0 போட்டுடுங்க.

மேல இருந்து பாக்குற கேம்னா மேக்ஸ் ஸ்பீடு லிமிட்டை எக்ஸுக்கும் ஒய்க்கும் தனித்தனியா போடாதீங்க, குறுக்கால போறப்ப 424 வந்துடும். ரெண்டு வெலாசிட்டியையும் ஸ்கொயர் பண்ணி கூட்டி ரூட் எடுங்க, அது 300ஐ தாண்டினா 300ஐ அதால வகுத்து ரெண்டையும் பெருக்குங்க.

1979ல அட்டாரி விட்ட ஆஸ்டிராய்ட்ஸ் மாதிரி ஸ்பேஸ்ஷிப் வேணும்னா கணக்கு அப்படியே உல்டா, அங்க வழுக்குறதுதான் மஜாவே. லெஃப்ட் ரைட் கீ ஆங்கிளை மட்டும் மாத்தும். த்ரஸ்ட் கீ, அதாவது ஷிப்பை முன்னாடி தள்ளுற கீ அமுக்கினா எக்ஸ் ஆக்சிலரேஷன் காஸ் ஆங்கிள் × த்ரஸ்ட், ஒய்க்கு சைன். ஷிப் மூக்கு மேல பாத்துட்டே பக்கவாட்டுல போகும், அதை சரி பண்ணப் பாக்காதீங்க. ஃப்ரிக்‌ஷன் மட்டும் ரொம்ப கம்மியா வைங்க. ஆங்கிள் டிகிரியில இருந்தா ரேடியனுக்கு மாத்திட்டு குடுங்க, இல்லன்னா ஷிப் கண்ட பக்கம் பறக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் 30 எஃப்பிஎஸ்ல ஒரு தடவை, 144ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. சில பிக்சல் வித்தியாசம் வந்தா பரவால்ல, பாதி ஸ்கிரீன் வித்தியாசம் வந்தா எங்கயோ டெல்டாவை பெருக்க மறந்துட்டீங்கன்னு அர்த்தம்.