நர்சிங் படிக்க வீட்டைவிட்டுத் தொலைவுக்குப் போகலாமா? முடிவெடுக்கும்போது நேரும் தவறுகள்

நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தாயிற்று. ஆனால் கல்லூரி எங்கோ தொலைவில் இருக்கிறது. வீட்டில் பேச்சு தொடங்குகிறது. "அவ்வளவு தூரமா?" என்று ஒருவர் கவலைப்படுகிறார், "படிப்புதான் முக்கியம், போகட்டும்" என்று இன்னொருவர் துணிகிறார். பாசமும் துணிச்சலும் மாறி மாறி வாதாடுகின்றன. கடைசியில் யார் குரல் ஓங்கியதோ அவர் சொன்னபடி முடிவாகிவிடுகிறது. அந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவரின் ஒரு வாரம் எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

மற்றப் பட்டப்படிப்புகளைப் போலவே நினைப்பது

வேறு படிப்பு படித்த அண்ணனோ அக்காவோ வெளியூரில் தங்கிச் சமாளித்திருப்பார்கள். அந்த அனுபவத்தை வைத்து நர்சிங் படிப்பை அளக்க முடியாது. இந்தப் படிப்பில் பெரும் பகுதி வகுப்பறைக்கு வெளியே, வார்டில் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொதுச் செவிலியர் பயிற்சிக்குக் குறைந்தது 4,600 மணி நேரம் தேவை. அதில் பாதியாவது நோயாளிகளுக்கு நடுவே கழிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் மருத்துவமனைப் பயிற்சிக்கு மட்டும் 800 மணி நேரம் குறைந்தபட்ச வரம்பு. இந்தியாவில் பிஎஸ்சி நர்சிங் மாணவர் தேர்வெழுத 80 சதவீத வருகை போதும்; ஆனால் பட்டம் வாங்குவதற்குள் கிளினிக்கல் பயிற்சியில் 100 சதவீதத்தையும் நிறைவு செய்திருக்க வேண்டும். உடம்பு சரியில்லாமல் விட்ட நாளையும், அக்கா திருமணத்துக்காக விட்ட நாளையும் பிறகு வார்டில் நின்று ஈடுகட்டித்தான் ஆக வேண்டும்.

ஆகவே "மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோகலாம்" என்ற கணக்கை, கால அட்டவணையைப் பார்க்காமல் போடாதீர்கள். அப்படிப் பார்க்கும்போதும் முதல் பருவத்தின் அட்டவணையை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. தொடக்கத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், அடிப்படைப் பராமரிப்பு என்று வகுப்புகளே மிகுதியாக இருக்கும். போஸ்டிங், அதாவது மருத்துவமனை வார்டுகளில் முறைபோட்டுச் செய்யும் பயிற்சி, நெருக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். இரண்டாம் ஆண்டின் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். கல்லூரி தரத் தயங்கினால் அங்கே படிக்கும் மூத்த மாணவர் ஒருவரைப் பிடித்து விசாரியுங்கள்.

கல்லூரி இருக்கும் இடத்திலேயே பயிற்சியும் நடக்கும் என்று எண்ணுவதும் இதோடு சேர்ந்த தவறுதான். மனநலம், குழந்தை நலம், மகப்பேறு, சமூக நலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். காலை ஷிப்ட் பெரும்பாலும் ஏழு மணிவாக்கில் தொடங்கும். அதற்கு முன்பே வார்டில் இருந்தால்தான் இரவுப்பணிச் செவிலியர் ஒப்படைக்கும் விவரங்களைக் கேட்க முடியும். அந்த நேரத்தில் பஸ் உண்டா, கல்லூரி வாகனம் ஏற்பாடு செய்யுமா, இரவுப்பணி முடிந்து பகலில் தூங்க விடுதியில் இடமும் அமைதியும் கிடைக்குமா என்பவை சில்லறைக் கேள்விகளாகத் தோன்றும். ஆனால் வெளியூரில் தனியாக இருப்பவரைச் சோர்வடைய வைப்பவை பெரும்பாலும் இத்தகைய சில்லறைகள்தான். வீட்டில் இருப்பவருக்கு அந்த விடியலில் யாராவது வண்டியெடுத்துக் கொண்டுபோய் விடுவார்கள்.

கிலோமீட்டரில் கணக்குப் போடுவது

இரவு பத்து மணிக்கு வீட்டிலிருந்து அவசர அழைப்பு வருகிறது என்று வையுங்கள். எத்தனை மணி நேரத்தில் வீட்டு வாசலில் நிற்க முடியும்? நேரடி ரயில் உள்ள நெடுந்தொலைவு ஊர், மூன்று வண்டி மாறிப் போக வேண்டிய பக்கத்து ஊரைவிடக் கிட்டத்தில் இருக்கலாம். வெளிநாடு என்றால் விசா விதிகளையும் பார்க்க வேண்டும். அந்த அவசரப் பயணத்துக்கான டிக்கெட் பணம் வேறெதற்கும் தொடப்படாமல் தனியாக இருக்க வேண்டும். அது இல்லாமல் போகிறவர்கள், போக முடியாத ஒரு நாளில் மிகவும் உடைந்துபோகிறார்கள்.

சேர்வதற்கு முன் உரிமத்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பது

என் பார்வையில் மிகவும் விலை கொடுக்க வேண்டிய தவறு இது. பட்டம் வாங்கிவிட்டால் எங்கும் செவிலியராக வேலை பார்க்கலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் பட்டத்தைக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ தரலாம். பணி செய்யும் அனுமதியை அந்தந்த நாட்டின் அல்லது மாநிலத்தின் பதிவு அமைப்பே தர வேண்டும். இந்தியாவில் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போனால் முன்பு பதிந்த இடத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, புதிய இடத்தில் மறுபடி பதிய வேண்டும். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வில் தேற வேண்டும். தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்றுதான் என்றாலும் உரிமம் வழங்குவது மாநிலம். பெரும்பாலான மாநிலங்கள் ஓர் உரிமத்தைத் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கின்றன. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் சேரவில்லை.

படித்து முடித்ததும் ஊர் திரும்புவதுதான் திட்டம் என்றால், சேரும் முன்பே ஊரிலுள்ள பதிவு அமைப்பிடம், இந்தக் கல்லூரியின் பட்டத்தை ஏற்பீர்களா என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கல்லூரி அலுவலகம் "எல்லா இடத்திலும் செல்லும்" என்று வாய்மொழியாகச் சொல்வதற்கு மதிப்பில்லை. முகவர் சொல்வதற்கு அதைவிடக் குறைவு. சேர்க்கைக்குத் தரகு வாங்குபவர் "போகாதே" என்று சொன்னதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பயிற்சிக்குப் போன மருத்துவமனையிலேயே முதல் வேலை கிடைப்பது நர்சிங்கில் சர்வசாதாரணம். வார்டுப் பொறுப்பாளருக்கு உங்கள் வேலை தெரிந்திருக்கும். பரிந்துரைக் கடிதம் எழுதுவோரும் அங்கேதான் இருப்பார்கள். எனவே நான்கு ஆண்டு பிரிவு என்று நினைத்துப் போனது ஆறு, ஏழு ஆண்டாக நீளலாம். அது உங்களுக்குச் சம்மதம் என்றால் நல்ல வாய்ப்பு. ஊரில் யாரோ காத்திருக்கிறார்கள் என்றால் இதை இப்போதே அவர்களிடம் சொல்லிவிடுவது நியாயம்.

பெயரையும் தேர்ச்சி விகிதத்தையும் மட்டும் நம்புவது

"அந்தக் கல்லூரிக்கு நல்ல பெயர்" என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தைப் பிரிந்து போகிறவர்கள் நிறைய. பெயர் எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். உரிமத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர் விகிதம் பயனுள்ள எண்தான். அமெரிக்காவில் மாநில நர்சிங் வாரியங்கள் கல்லூரிவாரியாக அதை வெளியிடுகின்றன. ஆனால் தேற மாட்டார் என்று தோன்றும் மாணவரை நடுவிலேயே கழித்துவிட்டாலும் அந்த எண் ஏறும். ஆகவே எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டு எண்களையும் தயங்காமல் தருகிற கல்லூரிக்குப் போகத் தூரம் ஒரு பொருட்டாக இருக்க வேண்டியதில்லை. அங்கீகாரத்தை விளம்பரக் கையேட்டில் தேடாமல், ஒழுங்குமுறை அமைப்பின் நடப்புப் பட்டியலில் பாருங்கள்.

"பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்"

நர்சிங்கில் இது எளிதல்ல. பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. வார்டு நேரக் கணக்கு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நடுவில் வேறு இடத்துக்குப் போனால் முடித்த பாடங்களைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரலாம். ஒரு பாடத்தில் தவறினாலும், அது ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படும் என்றால் ஓராண்டு போய்விடும், கூடவே ஓராண்டு வாடகையும்.

அதனால் திரும்பி வரும் வழியைப் போகும் முன்பே விசாரித்து வைப்பது கோழைத்தனம் ஆகாது. ஒரு பருவம் விடுப்பு எடுக்க முடியுமா? எடுத்தால் இடம் காத்திருக்குமா? கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்? அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளுமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள்.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாக: கல்விக்கட்டணம் மட்டும் செலவல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது, வெளியூர்க்காரருக்கு வேறு கட்டணம் இருக்கும் என்பது. அமெரிக்க அரசுக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் கூடுதல். படிப்பதற்காகவே குடிபெயர்ந்தால் உள்ளூர்வாசி என்று ஏற்பது அரிது.

குற்ற உணர்விலோ கோபத்திலோ முடிவெடுப்பது

வீட்டுப் பூசலிலிருந்து தப்பிக்கத் தொலைதூரக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. பெற்றோர் வருந்துவார்களே என்று நல்ல இடத்தை விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டு வகையினரும் படிப்பைப் பற்றி யோசிக்கவே இல்லை. உங்களைச் சார்ந்து இப்போது வீட்டில் நடப்பது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாட்டியின் மருந்து வேளை, தம்பியின் படிப்பு, சொந்தக் குழந்தை இருந்தால் அதன் இரவுகள் என எதையும் விடாமல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இனி அதைச் செய்யப்போகிறவர் பெயரை அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். பெயர் இல்லாத வரிகள் எவையோ அவற்றைப் பற்றித்தான் வீட்டில் பேச வேண்டும். "போகலாமா, கூடாதா" என்ற பொதுச் சண்டை தேவையில்லை.

நோயாளி ஒருவர் தன் கண்ணெதிரே இறப்பதைப் பயிற்சிக் காலத்திலேயே பார்த்துவிடும் மாணவர்கள் பலர். ஷிப்ட் முடிந்து வந்ததும் யாரிடமாவது பேச வேண்டும்போல இருக்கும். வீட்டாரிடம் தொலைபேசியில் பேசலாம். ஆனால் வார்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது, நோயாளியின் விவரங்களை வெளியே சொல்லவும் கூடாது. வழிகாட்டி ஆசிரியர் உண்டா, மனநல ஆலோசகர் உண்டா என்பதை விடுதி வசதியை விசாரிக்கும் அதே அக்கறையோடு விசாரியுங்கள்.

போவது என்று முடிவாகிவிட்டால் முதல் வேலை தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளை வழக்கமாக 0, 1, 6 மாதம் என்ற இடைவெளியில் போடுவார்கள். எதிர்ப்பாற்றல் வந்துவிட்டதா என்பதைக் கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் பார்ப்பார்கள். சான்று இல்லாமல் வார்டுக்குள் விடாத கல்லூரிகள் இருக்கின்றன. சிறுவயதில் போட்ட தடுப்பூசி அட்டை வீட்டு அலமாரியில் எங்கோ இருக்கும். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே தேடி எடுத்துவிடுங்கள்.