அல்டொலேசு எங்கே வெட்டுகிறது? சட்டைத் தெறி வைத்து ஒரு செய்முறை

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் தங்கச்சிக்குக் கிளைக்கோப்பகுப்பின் (கலம் குளுக்கோசைப் படிப்படியாக உடைக்கும் தாக்கத்தொடர்) நான்காம் படி மட்டும் தலைக்குள் ஏறவேயில்லை. அல்டொலேசு என்ற நொதியம் ஆறு காபன் கொண்ட ஒரு வெல்லத்தை இரண்டாக வெட்டும் படி அது. "ஆறு காபனை நடுவில் வெட்டினால் ஒரே மாதிரி இரண்டு பாதிதானே, பிறகேன் இரண்டுக்கும் வேறு வேறு பெயர்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. புறக்கோட்டையில் வாங்கிய சட்டைத் தெறிகளை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன்.

ஆறு வெள்ளைத் தெறிகளை நூலில் கோத்து, 1 முதல் 6 வரை எண் எழுதுங்கள். இவை காபன்கள். இரு முனையிலும் ஒவ்வொரு சிவப்புத் தெறி, அது பொசுபேற்று. அல்டொலேசு வெட்டப்போகும் வெல்லம், பிரற்றோசு-1,6-இருபொசுபேற்று, தயார். (புத்தகத்தில் வளையமாகப் போட்டிருப்பார்கள், வெட்டு விழும்போது அது திறந்து நீட்டாகத்தான் இருக்கும், அதனால் நூலே போதும்.)

அடுத்ததை விட்டால் மற்றதெல்லாம் வீண். 2ஆம் காபனில்தான் ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது, சங்கிலியின் நடுவில் இப்படி இருந்தால் அது கீற்றோன். அங்கே ஒரு நீலத் தெறி கட்டுங்கள். இப்போதே தெரியும், இரண்டு பாதியும் ஒன்றல்ல.

சரி, 2ஆம் தெறியை விரலால் இறுக்கிப் பிடியுங்கள். நம் உடலில் அந்த விரல் அல்டொலேசில் உள்ள லைசின் என்ற ஓர் அமினோ அமிலம். அது கீற்றோன் காபனோடு கொஞ்ச நேரம் பிணைந்து, வெட்டும்போது மிஞ்சும் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மதுவத்திலும் பல பற்றீரியாக்களிலும் இந்த வேலைக்கு ஒரு நாக அயன் இருக்கிறது.

இனி 3க்கும் 4க்கும் இடையில் வெட்டுங்கள். 4ஆம் காபனின் ஐதரொட்சில் ஐதரசனை இழந்து அல்டிகைட்டாகும் (அதே இரட்டைப் பிணைப்பு ஒட்சிசன், ஆனால் ஓரத்துக் காபனில்), அதற்கும் ஒரு நீலத் தெறி. 3ஆம் காபன் ஓர் ஐதரசனைப் பெறும். நீலம் நடுவில் உள்ள துண்டு இருஐதரொட்சி அசற்றோன் பொசுபேற்று, ஓரத்தில் உள்ளது கிளிசரல்டிகைட்டு-3-பொசுபேற்று. அணுக்களை எண்ணினால் இரண்டும் சமன், நீலத்தின் இடம்தான் வேறு.

ஒரு வேடிக்கை: நியம நிலையில் இந்தத் தாக்கத்துக்கு மூலுக்குச் சுமார் +24 கிலோயூல் சக்தி வேண்டும், அதாவது தானாக நடக்காது, துண்டுகள் ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். கலத்தில் அடுத்த நொதியங்கள் விளைபொருளை உடனுக்குடன் எடுத்துக்கொண்டே இருப்பதால்தான் வெட்டு தொடர்கிறது.

அப்புறம் கடைசி வேலை. கிளைக்கோப்பகுப்பு மேலே போவது கிளிசரல்டிகைட்டு துண்டை வைத்து மட்டும், அதனால் மற்றதை இன்னொரு நொதியம் மாற்றிக் கொடுக்கிறது. நீலத்தை 2இலிருந்து 3க்கு மாற்றிக் கட்டி, நீலமும் நீலமும் பக்கத்தில் வரும்படி துண்டுகளை வையுங்கள்: 3க்கு நேரே 4, 2க்கு நேரே 5, 1க்கு நேரே 6. தங்கச்சி கேட்ட ஒரே மாதிரிப் பாதிகள் இங்கேதான் கிடைக்கின்றன, ஒரு படி பிந்தி.