பாதுகாப்பு குடுத்த பெரிய நாடு மூட்டை கட்டினா என்ன பண்றது? சிங்கப்பூர் பண்ணது இப்படி

முதல்ல கெடுவை தள்ளிப் போட பேரம் பேசுங்க, கௌரவம் எல்லாம் அப்புறம். 1968 ஜனவரில பிரிட்டன்ல காசு இல்ல, சூயஸ் கால்வாய்க்கு கிழக்க, சிங்கப்பூர் பக்கம் இருக்குற படையை எல்லாம் எடுத்துடலாம்னு பிரிட்டிஷ் பிரதமர் வில்சனோட அரசு முடிவு பண்ணப்போ சிங்கப்பூர் பிரதமர் லீ குவான் யூ லண்டனுக்கே பறந்து போய் மல்லுக்கு நின்னாரு, 1971 மார்ச்னு இருந்தது டிசம்பர் ஆச்சு. ஒன்பது மாசம்தான், ஆனா சொல்லிக்கிற அளவுக்கு படை இல்லாத நாட்டுக்கு அது பெருசு.

ஆனா அறிவிப்பு வர்ற வரைக்கும் கைய கட்டிட்டு உக்காரக் கூடாது. 1965ல தனி நாடானப்போ சிங்கப்பூர் கையில இருந்தது ரெண்டே ரெண்டு பட்டாலியன். ராணுவம் கட்ட இந்தியாகிட்டயும் எகிப்துகிட்டயும் உதவி கேட்டாங்க, ஒண்ணும் நடக்கல, கடைசில இஸ்ரேல்காரங்க வந்தாங்க. சுத்தி முஸ்லிம் நாடுங்க, வெளிய தெரிஞ்சா பிரச்சினைன்னு அவங்களுக்கு 'மெக்சிகன்கள்'னு பேர் வச்சாங்க (செம ஐடியா!). கட்டாய ராணுவ சேவை சட்டம் 1967லயே வந்துடுச்சு.

அடுத்தது எல்லாரும் மறக்குற விஷயம், வேலைவாய்ப்பு. பிரிட்டிஷ் தளங்களை நம்பி மட்டும் நாட்டோட பொருளாதாரத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு ஓடுச்சு, பீரங்கி வாங்குறத விட இதுதான் பெரிய தலைவலின்னு நான் சொல்லுவேன். அதனால போறவங்க விட்டுட்டுப் போற இடம், மெஷின், பயிற்சி எடுத்த ஆளுங்க எல்லாத்தையும் கேட்டு வாங்குங்க. செம்பவாங் கடற்படை டாக்யார்டை பேருக்கு ஒரு டாலர் குடுத்து வாங்கி கமர்ஷியல் கப்பல் ரிப்பேர் யார்டா மாத்தினாங்க. சாங்கி விமானப்படை தளம் இருந்த இடத்துலதான் 1981ல ஏர்போர்ட் வந்துச்சு. வலியும் இருந்துச்சு, தளங்கள்ல வேலை பாத்த மலையாளிங்க, தமிழருங்கள்ல குடியுரிமை இல்லாத பலர் ஊருக்கே திரும்ப வேண்டியதாச்சு.

ஒரு பெரிய அண்ணன் போன இடத்துல இன்னொரு பெரிய அண்ணனைத் தேடாதீங்க, நாலு பேரை சேருங்க. 1971 நவம்பர்ல பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர்னு ஐந்து நாட்டு பாதுகாப்பு ஏற்பாடு வந்துச்சு. தாக்குதல் வந்தா கலந்து பேசுவோம்னுதான் அதுல இருக்கு, கட்டாயம் சண்டைக்கு வருவோம்னு இல்ல. அட இதுக்கா இவ்வளவுன்னு தோணும், ஆனா ஒருத்தரை ஒருத்தர் நம்பாத மலேசியாவும் சிங்கப்பூரும் மலேசியாவுல இருக்குற பட்டர்வர்த் விமானப்படை தளத்துல ஆஸ்திரேலிய கமாண்டருக்கு கீழ ஒரே வான் பாதுகாப்பு அமைப்புல உக்காந்தாங்க பாருங்க, அதுதான் விஷயம்.

செய்யக் கூடாதது ஒண்ணு: பயத்துல ரகசியமா அணுகுண்டு பக்கம் போறது. 1971ல அமெரிக்கா தென்கொரியாவுல இருந்து சுமார் 20,000 படைவீரர்களை வாபஸ் வாங்கினதும் அந்த நாட்டு அதிபர் பார்க் சுங் ஹீ அந்த வழில இறங்கினாரு, அமெரிக்கா போட்ட பிரஷர்ல 1975ல அணு ஆயுத பரவல் தடை ஒப்பந்தத்தை உறுதி பண்ண வேண்டியதாச்சு. அதே பயத்துல அவர் தொடங்கின உள்நாட்டு ஆயுத ஆராய்ச்சிதான் நிலைச்சு நின்னுச்சு, அங்க இருந்து வந்த கே9 பீரங்கிதான் இன்னைக்கு நம்ம இந்திய ராணுவத்துல வஜ்ராங்கிற பேர்ல ஓடுது.