விசென்டர் 7.0 இலிருந்து 8.0 இற்கு: வன்னியின் சிறிய சேவையக அறைகளுக்கான வழிகாட்டி

மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் விஎம்வெயார் மென்பொருளான விசென்டர் 7.0 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 2 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இரண்டு மூன்று ஹோஸ்ட்களை (பௌதிகச் சேவையகங்களை) வைத்து அவற்றில் முப்பது நாற்பது மெய்நிகர் இயந்திரங்களை (மென்பொருளாக இயங்கும் கணினிகளை) நடத்தும் ஒரு நிறுவனம், பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காத நிர்வாகச் சேவையகத்தை இனியும் வைத்திருப்பது சரியல்ல. 8.0 இற்கான பொது ஆதரவு 2027 ஒக்டோபர் வரை உண்டு. வன்னியில் இடம்பெயர்வு என்ற சொல்லை யாரும் இலேசாகப் பயன்படுத்துவதில்லை. ஆகவே இங்கே தரமுயர்த்தல் என்றும் தரவு நகர்த்தல் என்றும் மட்டுமே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தை நீக்கிவிட வேண்டும். விசென்டர் நின்றால் மெய்நிகர் இயந்திரங்கள் நிற்பதில்லை. அவை ஹோஸ்ட்களிலேயே இயங்குகின்றன. ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதிலிருந்த இயந்திரங்களை மற்றொன்றில் எழுப்பும் எச்ஏ வசதியும், முன்பே அமைக்கப்பட்டிருந்தால், விசென்டர் இல்லாமலே வேலை செய்யும். இயந்திரங்களை ஹோஸ்ட்களுக்கிடையே நகர்த்துவதும் டிஆர்எஸ் செய்யும் சுமைப் பகிர்வும் போன்ற நிர்வாக வசதிகளே தற்காலிகமாக இல்லாமற்போகும். எனவே கணக்கு மென்பொருளோ பதிவேட்டுத் தரவுத்தளமோ நிற்கும் என்று அலுவலகத்தில் யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

இந்த வேலையின் அமைப்பே நமக்குச் சாதகமானது. 8.0 இன் நிறுவி (இன்ஸ்டோலர்) பழைய சேவையகத்தின் மேல் எதையும் எழுதுவதில்லை. முதற்கட்டத்தில் அது தற்காலிக ஐபி முகவரியோடு புதிய அப்ளையன்ஸ் ஒன்றை (விசென்டர் நிறுவப்பட்டே வரும் மெய்நிகர் இயந்திரத்தை) உருவாக்குகிறது. இரண்டாம் கட்டத்தில் பழையதிலிருந்து அமைப்புகளையும் தரவுகளையும் பிரதியெடுத்து, பழையதை அணைத்துவிட்டு, அதன் பெயரையும் முகவரியையும் புதியதற்குக் கொடுக்கிறது. இடையில் எது நேர்ந்தாலும் பழைய சேவையகம் சேதமில்லாமல் இருக்கும். திரும்பி வருவதற்கான அந்தப் பாதையைக் கெடுத்துக்கொள்ளாமலிருப்பதுதான் நமது முதற் பொறுப்பு.

ஆயத்தத்திற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பதிப்புகளைப் பாருங்கள். 8.0 இற்கு 6.7 இலிருந்தும் 7.0 இலிருந்தும் நேரடியாக வரலாம், 6.5 இலிருந்து வர முடியாது. ஹோஸ்ட்களில், அவற்றை இயக்கும் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ 6.7 அல்லது அதற்குப் பிந்தியது இருக்க வேண்டும். விண்டோஸில் நிறுவப்பட்ட விசென்டர் இன்னும் எங்காவது இருந்தால், அது 6.7 ஓடு முடிந்துபோன வகை. அதற்கு நிறுவியில் தனி உதவிக் கருவி உண்டு, வழி வேறு. பலர் தவறவிடும் இன்னொன்று: 7.0 இற்கு அண்மையில் வந்த திருத்தம் ஒன்றை நீங்கள் இட்டிருந்தால், அதற்கு முன்பு வெளியான 8.0 பதிப்புக்குப் போக முடியாது. பதிப்பு எண்ணை மட்டும் பார்க்காமல் வெளியான திகதியையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது, பெயரையும் ஐபி முகவரியையும் பொருத்தித் தரும் டிஎன்எஸ். சேவையகத்தின் முழுப்பெயரைக் கேட்டால் முகவரியும், முகவரியைக் கேட்டால் அதே பெயரும் வர வேண்டும். நான் செய்த முதல் தரமுயர்த்தல் இரண்டாம் கட்டத்தில் விழுந்ததற்குக் காரணம், எப்போதோ டிஎன்எஸ் சேவையகத்தை மாற்றியபோது முகவரியிலிருந்து பெயரைத் தரும் தலைகீழ்ப் பதிவு விடுபட்டுப்போனதுதான். அன்று அரை நாள் அதிலேயே போனது. ஹோஸ்ட்களும் பழைய விசென்டரும் ஒரே என்டிபி (நேர ஒத்திசைவு) மூலத்திலிருந்து நேரம் எடுக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்; மின்சாரம் அடிக்கடி போய்வரும் இடங்களில் ஹோஸ்ட்களின் கடிகாரம் விலகியிருப்பது அரிதன்று.

கடவுச்சொற்கள் மூன்று தேவை: பழைய அப்ளையன்ஸின் ரூட் (இயங்குதள நிர்வாகி) கணக்குக்கு ஒன்று, விசென்டரில் நுழைவதற்கான எஸ்எஸ்ஓ நிர்வாகிக் கணக்குக்கு ஒன்று, அந்த அப்ளையன்ஸ் இருக்கும் ஹோஸ்டுக்கு ஒன்று. ரூட் கடவுச்சொல் வழக்கமாக 90 நாட்களில் காலாவதியாகும். மாற்றலாகிப் போன ஒருவர் வைத்த கடவுச்சொல் என்றால் முன்கூட்டியே புதியது வையுங்கள். சேவையகத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்களின் காலாவதித் திகதிகளையும் பாருங்கள். எஸ்எச்ஏ-1 முறையில் கையொப்பமிட்ட பழைய சான்றிதழ் இருந்தால் 8.0 ஏற்காது.

பிறகு காப்புப்பிரதி. 5480 என்ற போர்ட் எண்ணில் திறக்கும் நிர்வாகப் பக்கத்திலிருந்து எஸ்எஃப்டிபி அல்லது என்எஃப்எஸ் என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாகக் கோப்புக் காப்புப்பிரதி ஒன்றை எடுத்து, அதைக் கிளஸ்டருக்கு (ஹோஸ்ட்களின் கூட்டத்துக்கு) வெளியே வையுங்கள். அதை மீட்பதற்கு அதே பதிப்பின் நிறுவி வேண்டும், ஆகவே 7.0 இன் நிறுவியைக் கொண்ட ஐஎஸ்ஓ கோப்பையும் பக்கத்தில் வைத்திருப்பது அவசியம். பல ஹோஸ்ட்களுக்குப் பொதுவான மெய்நிகர் வலையமைப்புச் சுவிட்ச், அதாவது பகிர்வுச் சுவிட்ச், இருந்தால் அதன் அமைப்பைத் தனியாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். காப்புப்பிரதி மென்பொருள் 8.0 ஐ ஆதரிக்கிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். ஆதரிக்காவிட்டால் முதலில் அதைத்தான் தரமுயர்த்த வேண்டும்.

இடத்தைக் கணக்கிடுங்கள். 10 ஹோஸ்ட், 100 மெய்நிகர் இயந்திரம் வரையான மிகச்சிறிய அளவிலேயே 8.0 இற்கு 2 சிபியு, 14 ஜிபி நினைவகம், 579 ஜிபி சேமிப்பிடம் தேவை. மெல்லிய வட்டு முறையைத் தேர்ந்தால் சேமிப்பிடம் உடனே முழுவதும் நிரம்பாது. ஐஎஸ்ஓவை இரவில் இறக்கி, கோப்பு பழுதின்றி வந்ததா என்று அறிய அதன் சரிபார்ப்புத் தொகையை வெளியீட்டாளர் தந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் அறுந்து மீண்டும் தொடர்ந்த பதிவிறக்கத்தில் இந்த ஒப்பீட்டைத் தவிர்க்கவே கூடாது.

நாளைத் தேர்வதில் நம் ஊருக்கென்று தனிக் கவனம் வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல்களில் இடிமின்னல் வரும்; அந்த நேரங்களை விட்டுவிடுங்கள். பணி குறைவு என்பதால் ஞாயிறு காலையை எல்லோரும் விரும்புவார்கள், நானும் விரும்புகிறேன். ஆனால் 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதும் ஒரு ஞாயிறு முற்பகலில்தான். எந்த நாளானாலும் மின்பிறப்பாக்கியில் எரிபொருளும், நிறுவியை இயக்கும் மடிக்கணினிக்கு யூபிஎஸ் இணைப்பும், வைஃபைக்குப் பதிலாகக் கேபிளும் இருக்கட்டும். உதிரிப்பாகம் ஒன்று கண்டி வீதி வழியே கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு வர 300 கிலோமீற்றருக்கு மேல் உண்டு என்பதை நினைவில் வைத்து, வட்டுகளின் நிலையையும் முன்கூட்டியே பாருங்கள்.

அன்று காலை, டிஆர்எஸ்ஸைத் தன்னியக்கத்திலிருந்து கைமுறைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் வேலையின் நடுவே விசென்டர் வேறு ஹோஸ்டுக்குப் போகக்கூடும். அது எந்த ஹோஸ்டில் இருக்கிறது என்பதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் விசென்டர் அணைந்தபின் அதைத் தேடித்தர விசென்டர் இராது. பிறகு அதை முறையாக அணைத்து, ஹோஸ்டின் சொந்தப் பக்கத்தில் நுழைந்து ஸ்னாப்ஷொட் (திரும்பி வரக்கூடிய அந்நேர நிலைப் பதிவு) எடுத்து, மீண்டும் இயக்குங்கள். ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பல விசென்டர்கள் இருந்தால், எல்லாவற்றையும் அணைத்தபின்பே எல்லாவற்றுக்கும் ஸ்னாப்ஷொட் எடுக்க வேண்டும்.

நிறுவியில் தரமுயர்த்தலைத் தேர்ந்து, அது கேட்கும் விபரங்களைக் கொடுங்கள். தற்காலிக முகவரி பழைய சேவையகம் இருக்கும் வலையமைப்பிலேயே இருப்பது நல்லது. வேறெந்தக் கருவியும் அதைப் பயன்படுத்தவில்லை என்பதைப் பிங் செய்து பாருங்கள். புதியதை ஹோஸ்டில் நேரடியாக அமைப்பதானால், பகிர்வுச் சுவிட்சின் வழக்கமான போர்ட் குழுக்களை (இயந்திரங்கள் இணையும் இணைப்புக் குழுக்களை)ப் பயன்படுத்த இயலாது. சாதாரணச் சுவிட்சில் ஒரு குழுவையோ, விசென்டர் இல்லாமலே இணைக்கக்கூடிய எஃபெமெரல் வகைக் குழுவையோ முன்பே உருவாக்கி வையுங்கள்.

முதற்கட்டம் முடிந்ததும் புதிய அப்ளையன்ஸுக்கும் ஒரு ஸ்னாப்ஷொட் எடுங்கள். இரண்டாம் கட்டம் தவறினால் முதற்கட்டத்தைத் திரும்பச் செய்ய வேண்டியிராது. இரண்டாம் கட்டத்தின் முன்சோதனை காட்டும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். எவற்றைப் பிரதியெடுப்பது என்ற கேள்விக்கு, அமைப்புகளையும் பொருட்பட்டியலையும் (ஹோஸ்ட்கள், இயந்திரங்களின் பட்டியலை) மட்டும் எடுத்தால் விரைவில் முடியும். பழைய செயற்திறன் அளவீடுகளைச் சிறிய நிறுவனம் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. நிகழ்வுப் பதிவுகளைக் கணக்காய்வாளர் கேட்கக்கூடும் என்றால் அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் மின்சாரம் போனால் பதற வேண்டாம். புதியதை அணைத்து, பழையதை இயக்கினால் முன்பிருந்த நிலைக்கு வந்துவிடுவீர்கள். துண்டிக்கப்பட்டதாகக் காட்டும் ஹோஸ்ட்களை மீண்டும் இணைத்தால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் இயங்க மட்டும் விடாதீர்கள், ஏனெனில் இரண்டும் ஒரே முகவரியையே கோரும்.

வெற்றியாக முடிந்தபின் ஹோஸ்ட்கள் அனைத்தும் இணைந்திருக்கின்றனவா, எச்ஏ பிழையின்றி இருக்கிறதா என்று பாருங்கள். டிஆர்எஸ்ஸைப் பழைய நிலைக்கு மாற்றி, காப்புப்பிரதி மென்பொருளில் ஒரு பணியைக் கையால் ஓடவிட்டு, கோப்புக் காப்புப்பிரதியின் நேர அட்டவணையையும் சரிபாருங்கள். 7.0 இன் லைசன்ஸ் கீ 8.0 இற்குப் பொருந்தாது; 60 நாள் பரீட்சார்த்தக் காலம் ஓடத் தொடங்கிவிடும் என்பதால் கீயை அன்றே இடுங்கள்.

பழைய அப்ளையன்ஸின் வலையமைப்பு இணைப்பை நீக்கி, தானாக இயங்காதபடி செய்து, இரண்டு வாரமாவது அணைத்த நிலையில் வைத்திருங்கள். இஎஸ்எக்ஸ்ஐ தரமுயர்த்தலை அதன் பின்னரே தொடங்குங்கள். மெய்நிகர் வன்பொருள் பதிப்பை எல்லா ஹோஸ்ட்களும் 8.0 இற்கு வந்தபின், தேவைப்படும் இயந்திரங்களில் மட்டும் உயர்த்துங்கள். உயர்த்திய பதிப்பைக் கீழே இறக்க முடியாது; அவ்வியந்திரம் பழைய ஹோஸ்டில் இயங்கவும் மாட்டாது.