மூன்று ஊர், ஒரு மெட்டு: அணிப் போட்டிக்கு வீடியோ கேம் இசையை ரீமிக்ஸ் செய்வது எப்படி?

கோடை விடுமுறையில் வேலூர் வெயில் யாரையும் வெளியே விடுவதில்லை. அதனால் காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு ஆகிய ஊர்களில் இருக்கும் நண்பர்கள் நாங்கள் மூவர் மூவராக அணி பிரிந்து, பழைய வீடியோ கேம் மெட்டு ஒன்றை எடுத்து நம் பாணியில் புதிதாக வாசித்துப் போட்டியிடுகிறோம். விதிகள் மூன்றுதான்: பத்து நாள் அவகாசம், மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, கேட்பவருக்கு மூல மெட்டு எதுவென்று தெரிய வேண்டும். தோற்ற அணிகள் சேர்ந்து வென்ற அணிக்கு ஒரு கிலோ ஆற்காடு மக்கன் பேடா வாங்கித் தர வேண்டும்.

இதுவரை நான் பார்த்த அணிகளில் இசை ஞானம் போதாமல் தோற்றவை குறைவு. ஒருவர் அனுப்பிய கோப்பு இன்னொருவருடைய கோப்போடு பொருந்தாமல், கடைசி இரவில் உட்கார்ந்து வெட்டி ஒட்டித் தோற்றவையே அதிகம். ஆகவே, முதன்முறையாக அணி சேர்பவர்களுக்காக எழுதும் இந்த விளக்கத்தில், வாசிப்பதைப் பற்றிக் கொஞ்சமாகவும் வாசித்ததை அடுத்தவர் கையில் ஒப்படைப்பதைப் பற்றி விரிவாகவும் சொல்லியிருக்கிறேன்.

படி 1: மெட்டைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முயற்சிக்கு, 1989இல் கேம் பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியோடு பரவிய டெட்ரிஸ் விளையாட்டின் மெட்டைப் பரிந்துரைக்கிறேன். அது கொரோபெய்னிகி என்னும் ரஷ்ய நாட்டுப்பாடலின் மெட்டு. அந்தப் பாட்டின் சொற்கள் ரஷ்யக் கவிஞர் நெக்ராசோவ் 1861இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. நாட்டுப்பாடல் மெட்டு யாருக்கும் தனி உடைமையாகாது என்பதால், அதை நீங்களே புதிதாக வாசிப்பதில் சிக்கல் இல்லை. விளையாட்டில் ஒலிக்கும் இசைக்கோப்பும் பதிவும் மட்டும் வேறு கதை; அவற்றிலிருந்து ஒலித்துண்டை வெட்டி எடுத்துச் சேர்க்காதீர்கள்.

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டுக்குக் கோஜி கோண்டோ அமைத்த இசையைப் போன்றவற்றுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. இந்தியச் சட்டப்படி இசையமைத்தவரின் வாழ்நாளும் அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். அத்தகைய மெட்டுகளை நண்பர்கள் வட்டத்துக்குள் போட்டுக் கேட்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

படி 2: நான்கு முறை கேளுங்கள்

கேம் பாயின் ஒலிச் சில்லில் நான்கு தடங்கள் மட்டுமே உண்டு: சதுர அலை எழுப்பும் தடங்கள் இரண்டு, விரும்பிய வடிவில் அலையை அமைத்துக்கொள்ளும் தடம் ஒன்று, இரைச்சல் தடம் ஒன்று. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு சுரந்தான் ஒலிக்கும். அந்தக் கால இசையமைப்பாளர்கள் பொதுவாக மெட்டை ஒரு சதுரத் தடத்திலும், துணைக்குரலை மற்றொன்றிலும், பேஸ் எனப்படும் கீழ் ஒலியை மூன்றாவதிலும், தாளத்தை இரைச்சலிலும் வைத்தார்கள். நீங்களும் மெட்டுக்கு ஒரு முறை, துணைக்குரலுக்கு ஒரு முறை, பேஸுக்கு ஒரு முறை, தாளத்துக்கு ஒரு முறை என்று தனித்தனியே காது கொடுத்துக் கேட்டால், அணியில் யார் எதை எடுத்துக்கொள்வது என்பது பாதி முடிவாகிவிடும்.

கேட்டதைச் சுரமாக எழுதி வையுங்கள். மேற்கத்திய குறியீடு தெரியாதவர்களுக்கு நம் சுர எழுத்தே போதும். 6 கட்டையை (மேற்கத்திய ஏ சுரம்) ஷட்ஜமாகக் கொண்டால், முதல் பகுதியின் முதல் நான்கு பார்கள் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) இப்படி அமையும். ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு காற்புள்ளியும் அரைத் தட்டு:

ப , ரி க ம , க ரி | ஸ , ஸ க ப , ம க | ரி , , க ம , ப , | க , ஸ , ஸ , , , |

இரண்டு பார் சேர்ந்தால் எட்டுத் தட்டு, அதாவது ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம். கையில் போட்டுப் பாடிப் பார்க்கலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் பகுதி முழுவதும் நடபைரவி ராகத்தின் சுரங்களில் நடக்கிறது. மேல் ஷட்ஜத்திலிருந்து இறங்கும்போது கைசிக நிஷாதம் (தாழ்ந்த நி) வருகிறது. நீண்ட சுரங்களாக வரும் இரண்டாம் பகுதியிலோ, கீழே இறங்கித் தொடுவது காகலி நிஷாதம் (அரைச் சுரம் உயர்ந்த நி). அந்த இடம் கீரவாணி ராகத்தின் சாயலுக்கு மாறிவிடுகிறது. மெட்டை வாசிப்பவர் காகலியைப் பிடிக்க, துணைக்குரல் வாசிப்பவர் பழைய பழக்கத்தில் கைசிகத்தையே பிடித்தால், இரண்டும் மோதி, ஆர்மோனியத்தில் ஏதோ கட்டை பழுது என்று நினைக்கும்படி ஒலிக்கும். அந்த நிஷாதத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

படி 3: ஒப்பந்தத் தாள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே, ஒரே ஒரு தாளில் பின்வரும் விவரங்களை எழுதி, மூவரும் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்தவரை, இந்தத் தாளுக்குச் செலவிடும் அரை மணி நேரம் பின்னால் இரண்டு நாளை மிச்சப்படுத்தும்.

வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டு அரை விநாடி, நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2 விநாடி, கணக்கு எளிது. கட்டை 6. ஆர்மோனியம் பழையதாக இருந்தால், அதன் 6 கட்டை உண்மையில் 440 ஹெர்ட்ஸில்தான் நிற்கிறதா என்று கைபேசியில் ஒரு டியூனர் செயலியை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஆர்மோனியத்தை நினைத்த நேரத்தில் சுருதி மாற்ற முடியாது. அது கொஞ்சம் விலகியிருந்தால் மற்றக் கருவிகளும் மென்பொருளும் அதற்கு வளைந்து கொடுக்க வேண்டும்.

அடுத்தது பார் வரைபடம். எங்கள் அணி பயன்படுத்தியது இது: தொடக்கம் 4 பார், முதல் பகுதி இருமுறையாக 16, இரண்டாம் பகுதி 8, மீண்டும் முதல் பகுதி 8, நம் சொந்தக் கற்பனைக்கு 12, இரண்டாம் பகுதி 8, எல்லாக் கருவியும் சேர்ந்து முதல் பகுதி 8, முடிவு 4. மொத்தம் 68 பார், 2 நிமிடம் 16 விநாடி. கற்பனைக்கு 12 பாருக்கு மேல் ஒதுக்கினால் மூல மெட்டு மறைந்து போகும். மதிப்பெண்ணும் அங்கேதான் போகும். 1999இல் தொடங்கி இன்றுவரை விளையாட்டு இசை ரீமிக்ஸ்களைத் தொகுத்துவரும் ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ் இணையதளமும், மூல மெட்டு அடையாளம் தெரியும்படியும் மேலோங்கியும் இருக்க வேண்டும் என்பதையே தேர்வுக்கு அளவுகோலாக வைத்திருக்கிறது.

கடைசியாக, பதிவின் அளவு: 48,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்), 24 பிட், வேவ் கோப்பு. இதைத் தாளில் எழுதாமல் விட்ட ஆண்டில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். முகவீணையை (நாதஸ்வரம் போன்ற சிறிய ஊதுகருவி) 48,000இல் பதிவு செய்து அனுப்பினோம். எல்லாத் தடங்களையும் கலந்து மிக்ஸ் செய்தவருடைய கணினி 44,100இல் இருந்தது. அவருடைய பழைய மென்பொருள் வேறுபாட்டைச் சரிசெய்யாமல் கோப்பை அப்படியே ஓட்டிவிட்டது. 136 விநாடிக்கு வாசித்தது 148 விநாடியாக நீண்டது. 6 கட்டையில் ஊதியது 5க்கும் 5½க்கும் நடுவே, எந்தக் கட்டையிலும் சேராத இடத்தில் போய் நின்றது. ஊதியவர்மேல் குறை சொல்லி, அவரை இரண்டு முறை மறுபடி ஊத வைத்த பிறகுதான் காரணம் புரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கவே ஒரு மாலை தேவைப்பட்டது.

படி 4: வேலையைப் பிரியுங்கள்

ஒருவர் மெட்டும் துணைக்குரலும், ஒருவர் தாளமும் பேஸும், ஒருவர் மிக்ஸ். மிக்ஸ் செய்பவர் எதையும் வாசிக்காமல் இருப்பது நல்லது. தன் வாசிப்பைத் தானே ஏற்றி வைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. பேஸ் ஒருவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். இருவர் வாசித்த கீழ் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எதுவும் தெளிவாகக் கேட்காது.

கருவிகளை வெளியே தேட வேண்டியதில்லை. தெருக்கூத்தில் ஒலிக்கும் ஆர்மோனியம், முகவீணை, தாளம் ஆகியவை நம் வட ஆற்காட்டுக் காதுக்குப் பழகியவை. அம்மன் திருவிழாக்களில் முழங்கும் பம்பையும் அப்படித்தான். கேம் பாயின் இரைச்சல் தடம் செய்த வேலையைப் பம்பைக்குக் கொடுத்தால் மெட்டுக்குப் புது உடம்பு கிடைக்கும்.

படி 5: பதிவு செய்யுங்கள்

இலவச இசையமைப்பு மென்பொருளான எல்எம்எம்எஸ்ஸின் 1.2 பதிப்பில் மைக்கிலிருந்து நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. ஆகவே ஆடாசிட்டி என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து, அந்தக் கோப்பை எல்எம்எம்எஸ்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள். ரீப்பர் மென்பொருள் வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே இடத்தில் செய்யலாம்.

வழக்கமாக, வாசிப்பவர் காதில் தட்டுக்கொரு முறை ஒலிக்கும் கிளிக் ஒலியைக் கொடுத்துப் பதிவு செய்வார்கள். குடியாத்தத்தில் ஒரு மாடி அறையில் பம்பைக்காரர் ஒருவரை வைத்து நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். எட்டுப் பார் போவதற்குள் அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "தம்பி, காதுல இந்த டக்கு டக்குன்னு அடிச்சிக்கினே இருந்தா கை வரமாட்டேங்குதுப்பா" என்றார். "அப்ப என்ன வெச்சா கை வரும்ணா?" என்று கேட்டேன். "தாளம் போடு, போதும்" என்றார். அவர் சொன்னபடி, கிளிக்குக்குப் பதிலாகக் கைத்தாளத்தின் ஓசையை 120 வேகத்தில் வரிசையாக அடுக்கி, அதன்மேல் ஆர்மோனியத்தில் மெட்டைச் சுமாராக வாசித்துச் சேர்த்து ஒரு வழிகாட்டித் தடம் செய்து கொடுத்தோம். இரண்டாம் முறையிலேயே 68 பாரும் தட்டுப் பிசகாமல் முடிந்தன. அன்றிலிருந்து நாங்கள் யாருக்கும் வெறும் கிளிக்கைக் கொடுப்பதில்லை.

மைக்கைப் பம்பைக்கு மிக அருகில் வைத்தால் ஒலி கிழிந்துவிடும். ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள்; மிக உரத்த அடியும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறையுங்கள். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். மே மாதத்தில் அது தவம்தான். விடியற்காலையில் பதிவை வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

படி 6: ஒப்படையுங்கள்

ஒவ்வொரு கருவியும் தனித்தனிக் கோப்பாகப் போக வேண்டும்; ஒவ்வொரு கோப்பும் முதல் பாரின் முதல் தட்டிலிருந்து தொடங்க வேண்டும். முகவீணை 21ஆம் பாரில்தான் நுழைகிறது என்றால், அதற்கு முந்தைய 40 விநாடி மௌனமும் கோப்பில் இருக்க வேண்டும். அப்போதுதான் மிக்ஸ் செய்பவர் எல்லாக் கோப்புகளையும் இடது ஓரத்தில் அடுக்கினால் போதும், தானாகப் பொருந்தும். எதிரொலி, ரீவெர்ப் (அறை முழக்கம்) எதையும் சேர்க்காமல் வெறும் வாசிப்பாக அனுப்புங்கள். சேர்த்த ரீவெர்பைப் பிறகு பிரித்தெடுப்பது பாயசத்திலிருந்து சர்க்கரையை எடுப்பது போன்றது.

எம்பி3 வேண்டாம். அந்த வடிவத்துக்கு மாற்றும்போது கோப்பின் தொடக்கத்தில் சிறிதளவு மௌனம் சேர்ந்து, தட்டு பின்தங்கும். வேவ் கோப்பு ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி ஆகும். நம் 2 நிமிடம் 16 விநாடிக்கு ஏறக்குறைய 39 எம்பி. மோனோவில் பாதி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கோப்பின் பெயரில் கருவி, வேகம், கட்டை, பதிப்பு எண் ஆகிய நான்கும் இருக்கட்டும்: பம்பை_120_6கட்டை_02 என்பது போல. ஃபைனல் என்ற சொல்லைப் பெயரில் சேர்க்காதீர்கள். எங்கள் பழைய கோப்புறை ஒன்றில் ஃபைனல், ஃபைனல் புதுசு, ஃபைனல் இதுதான் என்று மூன்று கோப்புகள் இருக்கின்றன. போட்டிக்குப் போனது நடுவில் இருப்பது.

படி 7: மிக்ஸ்

எல்லாத் தடங்களையும் ஒலியின்றி இறக்கிவிட்டு, முதலில் பம்பையை ஏற்றுங்கள், பிறகு பேஸ், அதன் பிறகு மெட்டு, கடைசியில் துணைக்குரல். முகவீணையிலும் ஆர்மோனியத்திலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் பேஸுக்கு இடம் கிடைக்கும். ஹெட்போனில் நன்றாக ஒலித்ததைக் கைபேசியின் சிறிய ஸ்பீக்கரிலும் கேளுங்கள். அங்கே பேஸ் காணாமல் போகும், மெட்டாவது நிற்கிறதா என்று பாருங்கள்.

அணித் தோழர்கள் கருத்துச் சொல்லும்போது நேரத்தைக் குறிப்பிட்டே சொல்ல வேண்டும். "நல்லா இல்ல" என்றால் மிக்ஸ் செய்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. "1:04இல் ஆர்மோனியம் பம்பையை மூடுகிறது" என்றால் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். எட்டாம் நாள் இரவோடு புதிய யோசனைகளுக்குக் கதவை அடைத்துவிடுங்கள்.

படி 8: சமர்ப்பித்தலும் வாக்கும்

ஒரே இசையைச் சற்று உரக்கக் கேட்டால் அதுவே மேலானதாகத் தோன்றும். இது காதின் இயல்பு. எனவே எல்லா அணிகளும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற ஒரே உரப்பு அளவில் சமர்ப்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அந்த அளவை இலவச மீட்டர் செயலிகளே காட்டிவிடும். கோப்புகளுக்கு அணிப் பெயர் இல்லாமல் எண் மட்டும் இட்டு வரிசையாகப் போட்டுக் கேட்பதும், தன் அணிக்குத் தான் வாக்களிக்கக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்.

கோப்போடு ஒரு சிறு குறிப்பும் போக வேண்டும்: மெட்டு எங்கிருந்து வந்தது, எந்தக் கருவியை யார் வாசித்தார், யார் மிக்ஸ் செய்தார். வெளியிலிருந்து வந்து வாசித்தவரின் பெயரை முதலில் எழுதுங்கள். அவருக்குரிய கூலியைப் பதிவு முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள். எங்கள் பம்பைக்காரருக்குக் கூலியோடு, வென்ற பேடாவில் கால் கிலோவும் போயிற்று.