விந்து பரிசோதனை: மாதிரி கொடுப்பதிலிருந்து ரிப்போர்ட் படிப்பது வரை

ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் மருமகளைத்தான் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். ஊசியோ வலியோ இல்லாத, ஆணுக்கான செமன் அனாலிசிஸ், அதாவது விந்து பரிசோதனை, கடைசியில்தான் நினைவுக்கு வரும். இருவருக்கும் ஒரே சமயத்தில் பார்ப்பதே சரி. மனைவிக்கு 35 வயதாகிவிட்டால் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

முதலில் நாள் குறியுங்கள். கடைசியாக விந்து வெளியேறி 2 முதல் 7 நாள் ஆகியிருக்க வேண்டும். சுய இன்பமும் கணக்கில் சேரும். நிறைய நாள் அடக்கினால் கவுண்ட், அதாவது விந்தணுக்களின் எண்ணிக்கை, ஏறலாம், ஆனால் அணுக்களின் ஓட்டம் குறையும். ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். அதனால் போன மாதம் வந்த டெங்குவையும், ஜிம்மில் போட்டுக்கொண்ட டெஸ்டோஸ்டிரோன் ஊசியையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அந்த ஊசி கவுண்டைப் பூஜ்ஜியம் வரைகூட இறக்கிவிடும்.

அடுத்து, மாதிரி எடுப்பது. இங்கேதான் பல ரிப்போர்ட்டுகள் கெடுகின்றன. லேபிலேயே தனி அறை இருந்தால் அதுவே நல்லது. சிறுநீர் கழித்து, கையையும் உறுப்பையும் கழுவித் துடைத்துவிட்டு, லேப் தரும் டப்பாவில் நேரடியாக எடுங்கள். எண்ணெய், எச்சில், ஜெல், கடையில் வாங்கிய ஆணுறை எதுவும் கூடாது. முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். இன்னொரு நாள் கொடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில்தான் முடியும் என்றால் அரை மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். வேளச்சேரியில் எடுத்துக்கொண்டு காலை டிராஃபிக்கில் அண்ணா நகர் போக நினைக்காதீர்கள், பக்கத்து லேபைப் பாருங்கள். டப்பா சட்டையின் உள்பக்கம், உடம்பை ஒட்டி இருக்கட்டும். ஐஸும் வேண்டாம், மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியும் வேண்டாம். எடுத்த நேரத்தை மறக்காமல் எழுதிக் கொடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு தரும் கீழ் அளவுகளோடு ஒப்பிடலாம்: விந்தின் அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்கள், மொத்தம் 3.9 கோடி, அசைபவை 42 சதவீதம், முன்னேறி நீந்துபவை 30, சரியான வடிவம் 4 சதவீதம். வடிவம் வெறும் 4 தானா என்று பலர் அரண்டுபோகிறார்கள், அது நார்மல்தான். இவை இயல்பாகக் கருத்தரித்த தம்பதியரில் ஆண்களிடம் எடுத்த அளவுகள். இதற்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை.

குறைவாக வந்தால் சில வாரம் விட்டு, அதே லேபில், அதே நாள் இடைவெளியில் மறுபடி பாருங்கள். அணுவே இல்லை என்று வந்தால் மாதிரியை மெஷினில் வேகமாகச் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலிலும் தேடினார்களா என்று கேளுங்கள். அப்புறம் யூராலஜிஸ்ட் (சிறுநீரகப் பாதை மருத்துவர்) அல்லது ஆண்ட்ராலஜிஸ்ட் (ஆண்களின் இனப்பெருக்கப் பிரச்சினைகளைப் பார்ப்பவர்). விந்தணு வரும் குழாயில் அடைப்பா, உற்பத்தியிலேயே குறையா என்று ஹார்மோன் டெஸ்டும் நேரடிப் பரிசோதனையும் செய்து பார்ப்பார்கள்.