பாதம் வழுக்கினால் பாதத்தை மட்டும் பிடித்துத் திருத்தாதீர்கள்

கணினி அனிமேஷனில் நீங்கள் அசைத்த கேரக்டர் நன்றாக நடக்கிறது, கை வீச்சு சரி, தலை அசைவும் சரி, ஆனால் ஊன்றிய கால் தரையில் லேசாக நழுவுகிறது. அது ஒன்று போதும், அந்த உடம்புக்கு எடையே இல்லை என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். உடனே பலரும் செய்வது, நழுவுகிற ஒவ்வொரு ஃப்ரேமிலும் பாதத்தை இழுத்து வைத்து ஒரு கீ (அந்த ஃப்ரேமில் பாதம் எங்கே என்ற பதிவு) போடுவது. இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. நழுவல் போய் நடுக்கம் வரும், அப்புறம் அந்த கீ குவியலை யாராலும் திருத்த முடியாது.

முதலில் கர்வை, அதாவது கீகளுக்கு நடுவே மதிப்பு எப்படி மாறுகிறது என்று காட்டும் கோட்டைப் பாருங்கள். 10-ஆம் ஃப்ரேமில் கால் ஊன்றுகிறது, 22-இல் எடுக்கிறது, இரண்டு கீயிலும் ஒரே மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு ஃப்ரேமில் மட்டும் நிறுத்திப் பார்த்தால் குறை தெரியாது, ஓடவிட்டால் வழுக்கும், ஏனென்றால் கால் வந்த வேகத்திலேயே கர்வ் 10-ஐத் தாண்டி மேலே புடைத்து, பிறகு 22-க்கு இறங்கி வருகிறது. கர்வைக் காட்டும் கிராஃப் எடிட்டரில் அந்தப் புடைப்பு அப்படியே தெரியும். பிளெண்டர் மென்பொருளில் அந்த இரண்டு கீயின் ஹேண்டிலையும் (கர்வை வளைக்கும் பிடி) வெக்டராக மாற்றுங்கள், மாயா மென்பொருளில் அதே வேலையைச் செய்யும் டேன்ஜென்ட்டை ஃபிளாட் ஆக்குங்கள்; இரண்டு கீக்கும் நடுவே கோடு தட்டையாகிவிடும். சுழற்சி கர்வையும் விடாதீர்கள், பாதம் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புவதும் வழுக்கல்தான். ஆனால் எல்லா கர்வையும் கண்ணை மூடிக்கொண்டு தட்டையாக்கவும் கூடாது. பாதம் தரைக்கு இறங்கும் கர்வ் கடைசியில் மெதுவானால் கால் பஞ்சில் இறங்குவது போல இருக்கும். அது சட்டென்று தரையைத் தொட வேண்டும்.

நின்ற இடத்திலேயே நடக்கும் வாக் சைக்கிளில் (திரும்பத் திரும்ப ஓடும் நடை) கதையே வேறு. அங்கே ஊன்றிய கால் ஒரே வேகத்தில் பின்னால் போக வேண்டும், கர்வ் சாய்ந்த நேர்கோடாக இருக்க வேண்டும், ஈஸ் (தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தை மெதுவாக்குவது) கொடுத்தால் கெட்டது. கணக்கு எளிது: ஊன்றிய பாதம் 12 ஃப்ரேமில் 60 செ.மீ. பின்னால் போனால், உடம்பை ஃப்ரேமுக்கு 5 செ.மீ. முன்னால் நகர்த்த வேண்டும், அதாவது நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் நொடிக்கு 120 செ.மீ. பார்வைக்குச் சரியாக இருக்கிறதே என்று கேரக்டரை ஏதோ ஒரு வேகத்தில் தள்ளிவிட்டுப் பாதத்தைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை.

எஃப்கே-யில் (மேல் மூட்டிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாகச் சுழற்றி அசைக்கும் முறை) கால் இடுப்பின் பிள்ளை. இடுப்பு அசைந்தால் பாதமும் போகும், அதனால் ஊன்றும் காலுக்கு ஐகே (பாதத்தை ஓர் இடத்தில் வைத்தால் முழங்கால் தானே மடங்கும் முறை) வைத்துக்கொள்ளுங்கள். ஐகே இருந்தும் கால் தரையை விட்டு எழும்புகிறதா, முழங்கால் வெடுக்கென்று நிமிர்கிறதா? இடுப்பு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. இடுப்பைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், அல்லது குதிகாலைச் சீக்கிரம் தூக்குங்கள்.

பாதத்தைத் தரையில் பூட்டுவது என்றால் பாதம் முழுவதையும் பூட்டுவது என்று நினைப்பதும் தவறு. நடக்கும்போது முதலில் குதிகால் படுகிறது, பிறகு முழுப் பாதமும் படிகிறது, கடைசியில் விரல்கள் மட்டும் தரையில் நிற்க குதிகால் எழுகிறது. சுழலும் புள்ளி பின்னாலிருந்து முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. கணுக்காலை மட்டும் ஆணியடித்தாற்போல் நிறுத்தி வைத்தால், குதிகால் எழும்போது விரல் தரைக்குள் புதையும். இந்த உருளலைச் செய்யும் ஃபுட் ரோல் கண்ட்ரோல் இருக்கிற ரிக் (கேரக்டரை அசைக்கும் எலும்பு, கட்டுப்பாட்டு அமைப்பு) என்றால் அதைப் பயன்படுத்துங்கள்.

மோஷன் கேப்சர் (நடிகரின் அசைவை அப்படியே பதிவு செய்வது) தரவில் சிக்கல் இன்னும் கூடுதல். நடிகரின் காலும் கேரக்டரின் காலும் ஒரே நீளமாக இருக்காது, அசைவைக் கேரக்டருக்கு மாற்றிப் பொருத்தியதும் நழுவத் தொடங்கும். விரலின் உயரமும் வேகமும் குறைவாக இருக்கும் ஃப்ரேம்களைப் பிடித்து அங்கே மட்டும் பூட்டுங்கள், பூட்டும்போதும் விடும்போதும் பூட்டிய நிலையையும் அசல் அசைவையும் சில ஃப்ரேம்களில் மெல்லக் கலந்துவிடுங்கள், இல்லாவிட்டால் கால் துள்ளும்.

சோதிப்பதற்கு ஷாட் கேமரா மட்டும் போதாது. பாதத்துக்கு அருகே தரையில் அடையாளத்துக்கு ஒரு சின்னக் கனசதுரத்தை வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஓடவிட்டுப் பாருங்கள்; முன்னிருந்து தெரியாத முன்-பின் நழுவல் மேலிருந்து பார்த்தால் உடனே அகப்படும்.